ஒரு சோதனை, பல சொற்கள்

ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணிச் சொல்லும் ஃபங்ஷன் வேண்டும். கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று நிரப்பும் குறுக்கெழுத்துப் புதிர்ச் செயலி எழுதுகிறவர்களுக்கு இது முதல் நாளே தேவைப்படும். பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லை லென் ஃபங்ஷனிடம் கொடுத்தால் 5 என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள்தான் அதற்குத் தெரியும். நமக்கோ த, மி, ழ் என மூன்று எழுத்து.

தீர்வு எளிது. யூனிகோடு தன்னிடம் உள்ள ஒவ்வொரு குறிக்கும் ஒரு வகை கொடுத்திருக்கிறது. உயிரெழுத்துகளும் க, ங, ச போன்றவையும் 'எழுத்து' வகை. கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'சார்குறி' வகை. பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா மாட்யூலைக் கேட்டால் எது எந்த வகை என்று சொல்லிவிடும். சரத்தில் எழுத்து வகைக் குறிகளை மட்டும் எண்ணினால் போதும். ஒரே நிரல் வரியில் முடிகிற வேலை. அந்த ஃபங்ஷனுக்கு எழுத்து_எண்ணு என்று பெயர் வைத்துக்கொள்வோம். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும் என்பதால் இப்படியே எழுதலாம்.

இனி அதைச் சோதிக்க வேண்டும். பைத்தானின் யூனிட்டெஸ்ட் மாட்யூலில், டெஸ்ட்கேஸ் என்ற கிளாஸிலிருந்து ஒரு கிளாஸை வருவித்து, அதற்குள் சோதனை மெத்தட்டை எழுதுவோம். பெரும்பாலோர் முதலில் செய்வது, ஒரே மெத்தட்டுக்குள் ஏழெட்டு அசர்ட்ஈக்வல் வரிகளை அடுக்குவது. மூன்றாவது வரி தோற்றால் அங்கேயே அசர்ஷன்எரர் எழும்பி மெத்தட் முடிந்துவிடும். மீதி ஐந்தும் தேறுமா, தோற்குமா என்று தெரியாது. ஒன்றைத் திருத்தி ஓட்டினால் அடுத்தது தலைநீட்டும். இதைத் தவிர்க்க நினைப்பவர்கள் ஒரு சொல்லுக்கு ஒரு மெத்தட் என்று நகலெடுத்து ஒட்டுகிறார்கள். முடிவுகள் தனித்தனியே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் எட்டு மெத்தட்டிலும் மாறுவது ஒரு சொல்லும் ஓர் எண்ணும் மட்டுமே. படிப்பவர் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மாறுவதை அட்டவணையாக வெளியே எடுத்துவிட்டு, மாறாததை ஒரே மெத்தட்டாக வைப்பதைத்தான் அளவுருச் சோதனை என்கிறோம். சொல்லும் போது சுலபமாக இருக்கும் இந்த வேலை, கிளாஸ் அடிப்படையிலான சட்டகங்களில் சற்று இடிக்கும். காரணத்தைத் தெரிந்துகொண்டால், பின்னால் வரும் நுணுக்கங்கள் எல்லாம் தானாக விளங்கும்.

இடிப்பது எங்கே

ஸ்மால்டாக் மொழிக்காக கென்ட் பெக் எழுதிய எஸ்யூனிட் இந்த வகைச் சட்டகங்களுக்கெல்லாம் மூத்தது. 1997இல் அவரும் எரிக் காமாவும் சேர்ந்து அதை ஜாவாவுக்கு ஜூனிட்டாகக் கொண்டுவந்தார்கள். ஸ்டீவ் பர்செல் அதைப் பைத்தானுக்குப் பையூனிட் என்று ஆக்கினார். அதுவே 2001இல் பைத்தான் 2.1 பதிப்போடு யூனிட்டெஸ்ட் மாட்யூலாகச் சேர்ந்தது. பைத்தான் வழக்கத்துக்கு ஒவ்வாமல் செட்அப், டியர்டவுன் போன்ற மெத்தட்களின் பெயரில் நடுவே பெரிய எழுத்து வருவது அந்த ஜாவா வழித்தோன்றலின் அடையாளம்.

பெயரோடு ஓர் ஏற்பாடும் கூடவே வந்தது. சட்டகம் கிளாஸைப் பார்த்து, 'டெஸ்ட்' என்று தொடங்கும் மெத்தட்களின் பெயர்களைப் பொறுக்குகிறது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தக் கிளாஸின் ஒரு பொருளைப் புதிதாக உருவாக்குகிறது. செட்அப்பை ஓட்டி, சோதனை மெத்தட்டை ஓட்டி, டியர்டவுனை ஓட்டுகிறது. மெத்தட்டை அழைக்கும்போது எந்த உள்ளீடும் கொடுப்பதில்லை. கொடுக்க இடமே இல்லை. ஆகவே ஒரு சோதனையைப் பல மதிப்புகளோடு ஓட்ட மூன்றே வழிதான்: மெத்தட்டுக்கு உள்ளேயே சுற்றுவது, மெத்தட்களைப் பெருக்குவது, கிளாஸ்களைப் பெருக்குவது. எந்தக் கருவியை எடுத்தாலும் அது இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறது.

முதலில் அட்டவணை

கருவிக்குப் போகுமுன் அட்டவணையை எழுதிவிடுங்கள். என் அனுபவத்தில் நல்ல அளவுருச் சோதனைக்கும் மோசமானதற்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. டெகரேட்டர் எது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம்முடையது இப்படி இருக்கட்டும். முதல் பத்தி வரியின் பெயர், அடுத்தது சொல், கடைசி எதிர்பார்க்கும் எண்:

மெய்யில் முடிவது | தமிழ் | 3
ஆய்தம் நடுவில் | எஃகு | 3
ஒகரம் ஒரே குறியாக | கொடி | 2
ஒகரம் ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக | கொடி | 2
ஔ முறையான எழுத்தாக | ஔவை | 2
ஒ, ள சேர்த்துத் தட்டியது | ஒளவை | 3
இடைவெளி உள்ள தொடர் | நல்ல தமிழ் | 6
வெற்றுச் சரம் | எதுவும் இல்லை | 0
கிரந்தக் கூட்டெழுத்து | பக்ஷி | 2

ஒவ்வொரு வரியும் எதற்காக இருக்கிறது என்று பெயரே சொல்கிறது. ஆய்த வரியைப் பாருங்கள். தேவநாகரியின் விசர்க்கம் யூனிகோடில் சார்குறி வகை. தமிழ் ஆய்தம் எழுத்து வகை. இந்தி எழுத்துக்கென எழுதிய நிரலை அப்படியே இங்கே பெயர்த்து வைத்தால் 'எஃகு' இரண்டெழுத்தாகிவிடும். அதைப் பிடிக்கத்தான் அந்த வரி. 'அம்மா', 'மரம்', 'வானம்' என்று இன்னும் முப்பது சொல் சேர்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். சேர்க்காதீர்கள். 'தமிழ்' பிடிக்காத எந்தப் பிழையையும் 'வானம்' பிடிக்கப்போவதில்லை. புது வரிக்குப் பழைய வரிகளிலிருந்து வேறுபட்ட ஒரு பெயர் வைக்க முடியவில்லை என்றால், அந்த வரி தேவையில்லை.

மூன்றாவது, நான்காவது வரிகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. முதல் வடிவத்தில் 'கொடி'யின் நீளம் 4, இரண்டாவதில் 5. நான்காம் வரியைச் சோதனைக் கோப்பில் அப்படியே தட்டி வைக்காதீர்கள். யாராவது அந்த வரியைத் திருத்தும்போது அவர்களுடைய விசைப்பலகை முதல் வடிவத்தைப் போட்டுவிடும். இரண்டு வரிகளும் ஒன்றாகிவிட்டதை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். யூனிகோடுடேட்டாவின் நார்மலைஸ் ஃபங்ஷனைக் கொண்டு அட்டவணையிலேயே பிரித்து எழுதுங்கள், அல்லது குறிகளின் எண்களைக் கொடுங்கள். இரண்டு சரங்களும் உண்மையிலேயே வேறுதான் என்று உறுதிசெய்ய ஒரு குட்டிச் சோதனையும் இருந்தால் நல்லது.

எதிர்பார்க்கும் எண்ணைக் கையால் எண்ணி எழுத வேண்டும். அட்டவணையை நிரப்ப எழுத்து_எண்ணு ஃபங்ஷனையே ஓட்டி விடையை ஒட்டுவது, அல்லது அதே விதியைச் சோதனைக்குள் மறுபடி எழுதி ஒப்பிடுவது, இரண்டுமே வீண். பிழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சோதனை சந்தோஷமாகத் தேறிவிடும்.

உள்ளே சுற்றுவது: சப்டெஸ்ட்

2014இல் வந்த பைத்தான் 3.4இலிருந்து டெஸ்ட்கேஸில் சப்டெஸ்ட் என்ற மெத்தட் இருக்கிறது. அட்டவணை மீது ஒரு ஃபார் லூப். லூப்புக்குள் வித் சொல்லோடு செல்ஃப் சப்டெஸ்ட்டைத் திறந்து, வரியின் பெயரையும் சொல்லையும் அதற்குக் கொடுங்கள். அதற்குள் ஒரே ஓர் அசர்ட்ஈக்வல். அவ்வளவுதான். எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

ஓட்டினால் எட்டு வரிகள் தேறும், ஒன்று தோற்கும். பக்ஷி. 3 என்பது 2க்குச் சமமில்லை என்று அறிக்கை வரும். பக்கத்திலேயே அடைப்புக்குள் நாம் கொடுத்த வரிப்பெயரும் சொல்லும் இருக்கும். நம் ஒரு வரி விதி க், ஷி என்று பிரித்து எண்ணிவிட்டது. சாதாரண லூப்பாக இருந்திருந்தால் ஏதோ ஒரு சுற்றில் 3க்கும் 2க்கும் ஒத்துவரவில்லை என்பதற்கு மேல் எதுவும் தெரிந்திருக்காது, அதற்குப் பிந்திய வரிகள் ஏதும் இருந்தால் அவை ஓடியும் இருக்காது.

சப்டெஸ்டுக்குச் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டு வரிப்பெயரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கொடி வரி தோற்கும் நாளில் தெரியும் அதன் விலை: அறிக்கையில் 'கொடி' என்று இருக்கும், எந்தக் கொடி என்று இருக்காது. அகலமில்லாத பிரிப்புக் குறி மாதிரி கண்ணுக்கே தெரியாதவற்றை மட்டும் பைத்தான் எண்ணாக்கிக் காட்டிவிடும். ஒகரத்தின் இரு வடிவங்களும் அச்சிடத்தக்கவை, ஆகவே அப்படியே அச்சாகும்.

இனி சப்டெஸ்டின் குறைகள். முதலாவது, சட்டகத்தின் கணக்கில் இது ஒரே சோதனைதான். ஒன்பது வரி ஓடினாலும் '1 சோதனை ஓடியது' என்றே வரும். தோற்ற ஒரு வரியை மட்டும் தனியாக ஓட்டவும் முடியாது.

இரண்டாவது இதைவிட ஆபத்தானது. அட்டவணை காலியாக இருந்தால் லூப் ஒருமுறைகூடச் சுற்றாது, சோதனை தேறிவிடும். அட்டவணையைக் கோப்பிலிருந்து படிக்கிறீர்கள், கோப்பு காலி: தேறும். அட்டவணையை ஜெனரேட்டராக எழுதி இரண்டு மெத்தட்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன: முதல் மெத்தட் முழுவதையும் தின்றுவிடும், இரண்டாவதற்கு ஒன்றும் மிஞ்சாது, அதுவும் தேறும். அட்டவணையை எப்போதும் டப்பிள் அல்லது பட்டியலாக வையுங்கள். கோப்பிலிருந்து வருவதானால் லூப்புக்கு முன் அது காலியில்லை என்று ஓர் அசர்ட் போடுங்கள்.

மூன்றாவது, செட்அப் மெத்தட்டுக்கு ஒருமுறைதான் ஓடும், வரிக்கு ஒருமுறை அல்ல. எழுத்து_எண்ணு எதையும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, அதனால் இங்கே சிக்கல் இல்லை. ஆனால் ஒரு நூலின் சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எத்தனை முறை வந்தது என்று சொல்லும் சொல்லடைவு கிளாஸைச் சோதிப்பதாக வையுங்கள். செட்அப்பில் வெற்று அடைவை உருவாக்குகிறீர்கள். முதல் வரி 'மரம்' சேர்க்கிறது. இரண்டாம் வரி அதே அடைவைத்தான் பெறுகிறது, முந்தைய மரத்தோடு. தேறுவதும் தோற்பதும் வரிகளின் வரிசையைப் பொறுத்ததாகிவிடும். நடுவில் ஒரு வரியை நீக்கினால் அதற்குக் கீழே உள்ளவை தோற்கும். காரணம் தேடி அலைய வேண்டியதுதான்.

என் வழக்கம் இது: நினைவில்லாத ஃபங்ஷன், இருபதுக்குள் அடங்கும் வரிகள் என்றால் சப்டெஸ்ட். செட்அப்பில் ஏதாவது உருவாகிறது என்றால் அடுத்த வழி.

மெத்தட்களைப் பெருக்குவது

பாராமீட்டரைஸ்ட் என்ற தொகுப்பைப் பிப் கொண்டு நிறுவிக்கொள்ளலாம். முன்னொரு காலத்தில் இதன் பெயரில் நோஸ் என்ற முன்னொட்டும் இருந்தது. அதில் எக்ஸ்பேண்ட் என்ற டெகரேட்டர்தான் நமக்கு வேண்டியது. சோதனை மெத்தட்டின் தலையில் அதை வைத்து அட்டவணையைக் கொடுத்தால், வரிக்கு ஒன்றாக மெத்தட்களை உருவாக்கிக் கிளாஸுக்குள் போட்டுவிட்டு, மூல மெத்தட்டை எடுத்துவிடும். மெத்தட் வரிப்பெயர், சொல், எண் என மூன்று உள்ளீடுகளைப் பெறுமாறு எழுதுங்கள். எக்ஸ்பேண்ட் இல்லாமல் வெறும் பாராமீட்டரைஸ்ட் என்று போட்டால் டெஸ்ட்கேஸ் கிளாஸ்களில் வேலை செய்யாது. இந்தத் தொகுப்பில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இப்போது சட்டகத்துக்கு ஒன்பது சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் புதுப் பொருள், புது செட்அப், புது டியர்டவுன். சொல்லடைவுச் சிக்கல் மறைந்துவிடும். ஒரு வரியைப் பெயர் சொல்லித் தனியே ஓட்டலாம். அட்டவணை காலியென்றால் தொகுப்பு வாயை மூடிக்கொண்டிருக்காது, பிழை எழுப்பும். உண்மையிலேயே காலியாக இருக்கலாம் என்றால் அதை நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

பெயர் விஷயத்தில் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வில்லங்கம் உண்டு. உருவாகும் மெத்தட்டின் பெயர், மூலப் பெயரோடு வரியெண்ணையும், முதல் உள்ளீடு சரமாக இருந்தால் அதையும் ஒட்டி அமையும். ஒட்டுமுன் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர மற்ற எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்றிவிடுகிறது. 'ஆய்தம் நடுவில்' என்பது மொத்தமும் ஒரே ஓர் அடிக்கோடாகச் சுருங்கிவிடும். வரியெண் மட்டும் மிஞ்சும். நடுவில் ஒரு வரி புகுத்தினால் எண்களும் நகர்ந்துவிடும். நேற்றைய அறிக்கையின் நான்காம் சோதனை இன்று ஐந்தாம் சோதனை. பெயர் வைக்கும் ஃபங்ஷனை நாமே எழுதிக் கொடுக்க நேம்ஃபங்க் என்ற வாய்ப்பு இருக்கிறது. மூலப் பெயரோடு வரிப்பெயரைத் தமிழிலேயே ஒட்டித் தரும் ஓரிரு வரி ஃபங்ஷன் போதும். சட்டகம் முன்னொட்டை மட்டுமே பார்க்கும், மீதி தமிழாக இருந்தால் அதற்கு ஒன்றுமில்லை. இரண்டு வரிகளுக்கு ஒரே பெயர் வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் இரண்டு மெத்தட் இருக்க முடியாது. பிந்தியது முந்தியதை விழுங்கிவிடும், ஒரு சோதனை சத்தமில்லாமல் காணாமல் போகும்.

காலம் பற்றியும் ஒரு வார்த்தை. டெகரேட்டரிடம் கொடுக்கும் அட்டவணை, கோப்பை இறக்கும் நேரத்திலேயே, கிளாஸ் உருவாகும்போதே மதிப்பிடப்படுகிறது. செட்அப் அப்போது இன்னும் ஓடவில்லை. ஆகவே செல்ஃபில் உள்ள எதையும் அட்டவணையில் பயன்படுத்த முடியாது. தரவுத்தளத்திலிருந்து வரிகளை எடுத்தால், ஒரு சோதனையும் ஓட்டாமல் கோப்பை இறக்கினாலே தரவுத்தளத்தைத் தட்டும். அட்டவணையில் ஒரு பட்டியலையோ அகராதியையோ பொருளாக வைத்தால் அது ஒருமுறைதான் உருவாகிறது. பல வரிகள் அதையே பகிர்ந்தால், ஒரு சோதனை அதை மாற்றியது அடுத்ததுக்கும் தெரியும். மாறக்கூடிய பொருளை வைக்காமல், அதை உருவாக்கத் தேவையான சரத்தையோ எண்ணையோ வையுங்கள். பொருளைச் சோதனைக்குள் உருவாக்கிக்கொள்ளலாம்.

வெளித் தொகுப்பு வேண்டாம் என்று, கிளாஸுக்கு வெளியே லூப் போட்டு செட்ஆட்டர் வழியாகத் தாங்களே மெத்தட்களைச் சேர்ப்பவர்களும் உண்டு. தவறில்லை. ஆனால் லூப்புக்குள் நேரடியாக ஃபங்ஷன் எழுதினால், அது லூப்பின் மாறியைத்தான் பிடித்துக்கொள்ளும், அந்தச் சுற்றின் மதிப்பை அல்ல. லூப் முடிந்தபின் ஓடும் ஒன்பது சோதனைகளும் கடைசி வரியான 'பக்ஷி'யையே சோதிக்கும். மதிப்பை வாங்கி ஃபங்ஷனைத் திருப்பித் தரும் ஒரு தனி ஃபங்ஷனை எழுதி, லூப்பிலிருந்து அதை அழையுங்கள்.

பைடெஸ்ட் பழகியவர்கள் அதன் பாராமெட்ரைஸ் டெகரேட்டரை இங்கே கொண்டுவர முயல்வார்கள். யூனிட்டெஸ்டின் டெஸ்ட்கேஸிலிருந்து வந்த கிளாஸ்களில் அது வேலை செய்யாது. உள்ளீடு வரவில்லை என்று மெத்தட் முறையிடும். மெத்தட்டை உள்ளீடின்றி அழைக்கும் அதே பழைய ஏற்பாடுதான் காரணம். பாராமெட்ரைஸ் வேண்டுமென்றால் டெஸ்ட்கேஸை விட்டுச் சாதாரண கிளாஸாக எழுத வேண்டும். அப்படிச் செய்தால் அசர்ட்ஈக்வலும் இருக்காது.

கிளாஸ்களைப் பெருக்குவது

சொல்லடைவு இரண்டு விதமாக இருக்கிறது என்று வையுங்கள்: ஒன்று நினைவகத்தில், மற்றொன்று எஸ்க்யூலைட் கோப்பில். இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். இங்கே மாறுவது ஒரு சொல்லோ எண்ணோ அல்ல. செட்அப்பில் உருவாகும் பொருளே மாறுகிறது. சோதனை மெத்தட்களை எல்லாம் ஒரு பொதுக் கிளாஸில் எழுதி, அதை டெஸ்ட்கேஸிலிருந்து வருவிக்காமல் விடுங்கள். பிறகு இரண்டு சிறு கிளாஸ்கள். ஒவ்வொன்றும் பொதுக் கிளாஸிலிருந்தும் டெஸ்ட்கேஸிலிருந்தும் சேர்ந்து வரும், அடைவை உருவாக்கும் மெத்தட்டை மட்டும் தாமே கொடுக்கும். பொதுக் கிளாஸும் டெஸ்ட்கேஸாக இருந்தால் சட்டகம் அதையும் பொறுக்கி ஓட்டும், அடைவு இல்லாமல் எல்லாம் தோற்கும்.

ஜூனிட் 4இல் இருந்த பாராமீட்டரைஸ்ட் ரன்னர் இந்த வழியைச் சேர்ந்தது. வரிக்கு ஒருமுறை கிளாஸ் முழுவதையும் ஓட்டி, மதிப்புகளைக் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்தது. அதனால் கிளாஸில் உள்ள எல்லா மெத்தட்களுக்கும் ஒரே அட்டவணைதான். வேறு அட்டவணைக்கு வேறு கிளாஸ். 2017இல் வந்த ஜூனிட் 5 மெத்தட் உள்ளீடு பெறலாம் என்று ஏற்பாட்டையே மாற்றிவிட்டது. காற்புள்ளியிட்ட வரிகளாகவோ, ஒரு மெத்தட் திருப்பித் தரும் ஓடையாகவோ அட்டவணையைக் கொடுக்கலாம். முன்தயாரிப்பு மெத்தட் வரிக்கு ஒருமுறை ஓடும். ஜாவாவில் எழுதுகிறவர்களுக்கு இந்த அத்தியாயத்தின் பாதிச் சிக்கல்கள் இல்லை.

எதை அட்டவணையில் சேர்க்கக் கூடாது

எழுத்து_எண்ணு ஃபங்ஷனுக்குச் சரத்துக்குப் பதில் எண்ணையோ நன்னையோ கொடுத்தால் டைப்எரர் எழ வேண்டும் என்று முடிவு செய்கிறீர்கள். உடனே அட்டவணையில் நான்காவது பத்தி ஒன்று முளைக்கும்: பிழை வருமா, வராதா. சோதனைக்குள் ஓர் இஃப் வரும். பிழை என்றால் அசர்ட்ரெய்சஸ், இல்லையென்றால் அசர்ட்ஈக்வல். இதைச் செய்யாதீர்கள். பிழை வரிகளுக்குத் தனி அட்டவணை, தனி மெத்தட். ஓர் அளவுருச் சோதனையின் உடலில் இஃப் எட்டிப் பார்த்தால் அங்கே இரண்டு சோதனைகள் ஒரே பாயில் படுத்திருக்கின்றன என்று பொருள். அடுத்த மாதம் மூன்றாவதும் வரும்.

இரண்டே வரிகள் என்றால் அட்டவணையே வேண்டாம். இரண்டு மெத்தட்களை நல்ல பெயரோடு எழுதினால் படிக்க எளிது.

பயிற்சி

தோற்றுக்கொண்டிருக்கும் பக்ஷியைத் தேற வையுங்கள்: க, புள்ளி, ஷ என்ற மூன்றும் தொடர்ந்து வந்தால் ஒன்றாக எண்ண வேண்டும். திருத்துமுன் அட்டவணையில் 'க்ஷ'வில் முடியும் சொல் ஒன்று, 'க்ஷ்' என்று புள்ளியோடு வருவது ஒன்று, 'க்'குக்கும் 'ஷ'வுக்கும் நடுவே அகலமில்லாத பிரிப்புக் குறி உள்ளது ஒன்று எனப் புது வரிகளைச் சேருங்கள். கடைசி வரியில் அது ஓர் எழுத்தா இரண்டா என்பதை நிரல் எழுதுமுன் தீர்மானியுங்கள்.

அடுத்து 'ஸ்ரீ'. நான்கு குறிகள், இப்போதைய விதிப்படி இரண்டு எழுத்து, எழுதிப் பார்த்தால் ஒரே வடிவம். குறுக்கெழுத்துக் கட்டத்தில் அதற்கு ஒரு கட்டமா, இரண்டா? புதிர் தயாரிப்பவரைக் கேட்டு, அவர் சொன்ன எண்ணை அட்டவணையில் எழுதுங்கள். வரிப்பெயரில் 'ஒரே கட்டத்தில் அடங்குவது' என்றோ 'இரு கட்டம் கொள்வது' என்றோ அந்த முடிவையே குறித்துவையுங்கள்.